நடுக்கூடத்து ஆஸ்டின்

கன்னையா வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கால் வைத்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். நிற்காமல் வேறென்ன செய்வது? சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கார் நிற்கிறது. பொம்மைக் கார் இல்லை. கறுப்பு ஆஸ்டின், வெள்ளைக்காரத் துரைமார் ஏறிப்போன அசல் கார், மூக்கும் முழியுமாக நடுக்கூடத்தில் நிற்கிறது. கிள்ளான் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் ஒரு வரிசை வீட்டின் கூடம் என்ன அகலம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அநியாயம் புரியும். காருக்கும் சுவருக்கும் நடுவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். சாமி மேடை மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. டிவி சமையலறைக்குப் போய்விட்டது. சோபாவைச் சொந்தக்காரர் ஒருவர் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"மனுஷனுக்குக் கழண்டுபோச்சா?" என்று தாமானில் கேட்காத ஆள் இல்லை. கழன்றெல்லாம் போகவில்லை. வைராக்கியம். பைத்தியத்துக்கும் வைராக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற வேலி ரொம்பக் குட்டை, அவ்வளவுதான்.

கன்னையாவின் அப்பா கேரித் தீவுத் தோட்டத்தில் துரையின் காரைக் கழுவுகிற ஆள். வெயிலில் செம்பனை வெட்டுகிறவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, நிழலில் வேலை என்று. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த கன்னையா, அப்பா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்துப் பின்கதவைத் திறந்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். துரைசாணி பார்த்துவிட்டாள். அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு, பையன் உட்கார்ந்த இடத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னாள். அப்பா கழுவினார். கழுவி முடிக்கிற வரைக்கும் மகன் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால் மறந்துபோயிருக்கும்.

துரைமார் போனார்கள். கார் கைமாறிக் கைமாறி எங்கோ போனது. கன்னையா துறைமுகத்தில் லோரி ஓட்டினார், பிறகு சொந்தமாக லோரி வாங்கினார், மகள் வாணியைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். எல்லாம் ஆகி ஓய்ந்து உட்கார்ந்த வயதில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்த ஆஸ்டினைப் பார்த்தார். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. நம்பர் பலகையைச் சட்டையால் துடைத்துப் பார்த்தார். அதே நம்பர். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாராம். இதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, மனைவி நல்லம்மாள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

காரை வாங்கிப் பழைய அழகுக்குக் கொண்டுவருவதற்கு வருஷக்கணக்கில் ஆனது. அதுவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிழவனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வேலை முடிந்ததும், "இது வெளிய நிக்காது, உள்ள நிக்கும்" என்று சொன்னாரே, அங்கேதான் ஆரம்பித்தது.

"போர்ச்சுல நிறுத்தினா ஆகாதா?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

"எங்கப்பன் இந்தக் காருக்கு வெளிய நின்னே செத்தான். இப்ப இது என் வீட்டுக்குள்ள நிக்கட்டும். போறவன் வரவன் எல்லாம் பாக்கட்டும்."

நல்லம்மாள் விட்டுக்கொடுத்துவிட்டாள். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்று சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுத் தங்கமணியிடம் சொன்னாள். கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிற குரு வந்து வீட்டின் முன்சுவரை இடித்தான். பலகை போட்டுக் காரை உள்ளே தள்ளினார்கள். நல்லம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, புது மருமகளுக்கு எடுப்பதுபோல ஆரத்தி எடுத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் மனசாரத்தான் எடுத்தாள்.

குருவுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது. "அண்ணே, திரும்ப வெளிய எடுக்கற மாதிரி மடக்குக் கதவு போட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

"கடை மாதிரி இருக்கும்லா. வீடு வீடா இருக்கணும். இது இனிமே வெளிய போகாது, நீ செவுத்தை எழுப்பு."

எழுப்பினான். இடுப்பளவுக்குச் செங்கல், அதற்குமேல் அகலமான கண்ணாடி, ஓரத்தில் பழையபடி ஒற்றைக் கதவு. சாலையில் நடந்துபோகிறவர்களுக்குக் கண்ணாடி வழியாக ஆஸ்டினின் முகம் தெரியும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆஸ்டினின் முதுகுதான் தெரியும்.

நல்லம்மாள் சாயங்காலங்களில் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ரொட்டிக்காரன் வருவான், தங்கமணி வருவாள், எதிர் வீட்டு மலாய்க்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டே நலம் கேட்பாள். "வெளிய நிக்க வேண்டியது உள்ள நிக்குது, உள்ள இருக்க வேண்டியவ வெளிய உக்காந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கன்னையாவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துச் சிரித்தே பழகிப்போயிற்று.

அப்புறம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. வாயுத்தொல்லை என்று பூண்டு சுட்டுத் தின்றாள். ஓமத் தண்ணீர் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரலில் புற்று பரவி முடிந்திருந்தது. கொஞ்ச நாள் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம், நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்ப்பார் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று நல்லம்மாளுக்கும் தெரிந்தது. மாடி ஏற முடியாது, கட்டிலைக் கீழே போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சுங்கை பூலோவிலிருந்து வாணி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று காலை, அவள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது, நல்லம்மாள் புருஷனின் கையைப் பிடித்தாள். கேட்டுப் பழக்கமில்லாதவள். ஆயுசில் தாலிக்கொடியைத் தவிர நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை.

"என்னங்க, என்னை ஹால்ல போடுங்க."

"ஹால்லயா?"

"அடுப்படியிலயே ஆயுசு போச்சு. போற காலத்துலயாச்சும் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். போறவங்க வரவங்க மூஞ்சியப் பாத்தா மனசு கொஞ்சம் லேசா இருக்கும்."

"அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு" என்றார் கன்னையா. சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று பார்த்தார். கட்டில் போட வேண்டுமென்றால் கார் வெளியே போக வேண்டும். கார் வெளியே போக வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். காரின் கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. வெளியே போன கார் திரும்ப உள்ளே வருமா? அவளுக்கு ஏதாவது ஆன பிறகு, காரை உள்ளே தள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் காறித் துப்பாதா? இதுதான் அவர் மனத்தில் ஓடியது. இதை யாரிடம் சொல்ல முடியும்? வாய்க்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது. அதுவும் கிடைத்தது. ஆடி பிறந்திருந்தது.

"ஆடி மாசத்துல செவுத்துல கை வைக்கக் கூடாது. அதுலயும் நோயாளி படுத்திருக்கற வீட்டுல செவுத்தை இடிச்சா எமனுக்கு நாமளே வழி விட்ட மாதிரி. ஆடி போகட்டும், ஆவணி மொத நாளே குருவை வரச் சொல்றேன்."

வாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, நீங்க எப்பப்பா சாஸ்திரம் பாத்தீங்க? அஷ்டமியில லோரி வாங்கினவரு நீங்க."

"அது லோரி. இது உங்கம்மா உசுரு."

இடிக்க ஒரு வாரம் ஆகும், தூசி பறக்கும், அவளுக்கு மூச்சு முட்டும் என்றும் கணக்குச் சொன்னார். சாஸ்திரம் என்பது இப்படித்தான். வேண்டாதபோது பரணில் கிடக்கும், வேண்டியபோது இறங்கி வந்து நமக்குத் துணை நிற்கும். கட்டிலைச் சமையலறையில் போட்டார்கள். சமையலறை என்றால் பின்னால் தகரம் இறக்கி நீட்டிய பகுதி. ஒரு பக்கம் துணி துவைக்கிற மெஷின், ஒரு பக்கம் அரிசி டிரம். ஜன்னலைத் திறந்தால் பின்சந்தும் சாக்கடையும் குப்பைத் தொட்டிகளும் தெரியும். நல்லம்மாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சுற்றிப் பார்த்தாள். "சரி, பழகின எடம்தான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால் கன்னையாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அவளைப் பார்த்துக்கொண்டதில் அவர் குறை வைக்கவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். தலை வாரி விட்டார், பின்னத் தெரியாமல் பின்னி விட்டார். படுக்கையில் போனால் முகம் சுளிக்காமல் துடைத்தார், மகளைக்கூடச் செய்ய விடவில்லை. லோரி ஓட்டிக் காய்த்துப்போன கையால் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு பழைய கதைகள் பேசினார். எல்லாம் செய்தார். கேட்ட ஒன்றை மட்டும் செய்யவில்லை.

தங்கமணி தினமும் பின்பக்கமாக வந்து போனாள். காரை உரசிக்கொண்டு முன்பக்கமாக வர அவள் உடம்புக்கு முடியாது. மற்றவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் காரைச் சுற்றி நின்று, "அடேயப்பா, என்னா பளபளப்பு!" என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக நண்டு நடை நடந்து சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எதிர் வீட்டு மலாய்க்காரம்மா ஒரு தடவை வந்தார். நல்லம்மாள் அவர் கையை விடவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கன்னையாவால் பிற்பாடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பழைய கார் சங்கத்துக்காரர்கள் வருவதாக முன்பே ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாணி சொல்லச் சொன்னாள். "ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்காங்கம்மா, அரை மணி நேரத்துல போயிடுவாங்க" என்றார் கன்னையா. சங்கத் தலைவர் கமலநாதன் கேமராவும் ஆளுமாக வந்து இறங்கினார். முந்தின நாளே கன்னையா காருக்கு மெழுகு பூசித் தேய்த்து வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துரைசாணி கதையையும் கோழி அடை காத்த கதையையும் சொல்ல ஆரம்பித்தார்.

"பாஸ், கதவைத் தொறந்து பின்சீட்டுல உக்காருங்க. அப்பா கழுவின சீட்டு. அத அப்படியே எடுத்துடலாம்" என்றார் கமலநாதன்.

உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார்கள். அப்போதுதான் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க…"

கேட்டது. நன்றாகவே கேட்டது. வாணி மருந்து வாங்கப் போயிருந்தாள். கன்னையா வாக்கியத்தின் நடுவில் இருந்தார். முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். "எங்கப்பா என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல, தம்பி" என்று முடித்தார். கமலநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள், வெளிச்சம் சரியில்லை என்றான் கேமராக்காரன். இன்னொரு தடவை சொன்னார். நடுவில் மறுபடியும் "என்னங்க" என்று கேட்டது, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

எல்லாம் முடிந்து அவர் உள்ளே போனபோது நல்லம்மாள் கழுத்தைத் தூக்கிக் கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கதவிடுக்கில் காரின் பின்பக்க பம்பர் மட்டும்தான் தெரியும்.

"யாருங்க வந்திருக்காங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் ஆளுங்க. உனக்கு என்னம்மா வேணும்? வலிக்குதா?"

"ஒண்ணும் வேணாம். நெறைய பேர் சத்தம் கேட்டுச்சே, வந்தவங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் குடுத்தீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

கன்னையா கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து பாக்கெட் பானங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அன்றே குருவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடத்தான் போனார், போனைக்கூட எடுத்துவிட்டார். வாசலில் கமலநாதன் நின்றுகொண்டு, "இந்த மாதிரி வீட்டுக்குள்ள வெச்சிருக்கறவங்க மலேசியாவுலயே நீங்க ஒருத்தர்தான், பாஸ்" என்றார். போன் மறுபடியும் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, இத்தனை நாள் பொறுத்தாள், இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறுக்காதது அவள் உடம்பு. புதன்கிழமை காலை வாணி மாடியில் குளித்துக்கொண்டிருந்தாள். கன்னையா துணிகளை மெஷினில் போட்டு ஓட விட்டுவிட்டு, போர்ச்சுக்குப் போய் ரொட்டிக்காரனிடம் ரொட்டி வாங்கினார். திரும்பி வந்து பாலில் நனைத்து, "வாயத் தொற" என்று நீட்டினார். அவள் கண் கதவுப் பக்கம் பார்த்தபடி நிலைத்திருந்தது. மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டாளா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.

ஊர் கூடியது. தாமான் சாலையில் கூடாரம் போட்டார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பெண்கள் சமையலறையிலேயே அவளைக் குளிப்பாட்டி, கூறைப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்தார்கள். சவப்பெட்டியும் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கதவருகே வந்து நின்றார்கள். ஆள் ஒருக்களித்துப் போகிற சந்தில் பெட்டி எப்படிப் போகும்?

"பின்சந்து வழியாத்தான் எடுக்கணும் போல" என்றார் ஒருவர்.

"சாக்கடையைத் தாண்டியா? பூவும் பொட்டுமாப் போறவளக் குப்பைத் தொட்டி பக்கமாவா தூக்கிட்டுப் போறது?" என்று தங்கமணி எகிறினாள்.

அப்போது சடங்கு செய்ய வந்த பண்டாரம் பஞ்சாங்கத்தை மூடினார். "பின்வாசலும் ஆகாது, முன்வாசலும் ஆகாது. அவிட்டத்துல உயிர் போயிருக்கு. அடைப்பு நட்சத்திரம் அது. நெலப்படி வழியாப் பொணம் போகக் கூடாது. செவுத்தை இடிச்சு வழி பண்ணித்தான் எடுக்கணும்."

கன்னையா போர்ச்சில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். செவுத்தை இடிச்சு என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பண்டாரத்தைப் பார்த்தார். கேலி பண்ணுகிறாரா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த மனிதருக்கு இந்த வீட்டுக் கதை என்ன தெரியும்? புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார்.

"பின்னாடி செவுரு லேசான செவுருதான், சும்மா ரெண்டு கல்லு எடுத்தாக்கூட சாஸ்திரத்துக்குப் போதும்" என்றான் குரு. இழவுக்கு வந்திருந்தாலும் வேலைக்காரன் மூளை அப்படித்தான் போகும்.

"முன்செவுரு" என்றார் கன்னையா.

"அண்ணே?"

"முன்செவுத்த இடி. கார வெளிய தள்ளு. அவள ஹால்ல கொண்டாந்து போடணும்."

குரு தயங்கினான். "ஆடி முடியலையேண்ணே, நீங்கதானே…" என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சம்மட்டி வந்தது. கன்னையா அதை அவன் கையிலிருந்து பிடுங்கினார். முதல் அடியிலேயே கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அடுத்த அடிகளில் செங்கல் பெயர்ந்தது. குருவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரம் ஆகும், தூசி பறக்கும், அவளுக்கு மூச்சு முட்டும் என்றெல்லாம் வாணியிடம் கணக்குச் சொன்னாரே, தங்கமணி வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் சுவர் தரையோடு தரையாகிவிட்டது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். கார் அதைவிடச் சுலபம். சக்கரத்தில் காற்று இருந்தது, பிரேக்கை விட்டதும் இரண்டு பலகைமேல் உருண்டு தானாகவே போய்ச் சாலையோரத்தில் மழையில் நின்றது.

துக்கத்துக்கு வந்திருந்த கமலநாதன் பதறிப்போய் ஓடி வந்தார். "பாஸ், தண்ணி உள்ள எறங்கிடும், ஏதாச்சும் எடுத்து மூடுங்க."

"நனையட்டும்" என்றார் கன்னையா. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

கூடம் காலியாக, பெரிதாக இருந்தது. இத்தனை பெரிய கூடமா இது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. இடிந்த சுவருக்கு அப்பால் சாலை, எதிர் வீடு, கொடியில் நனைந்துகொண்டிருக்கிற துணி, குடையோடு நிற்கிற மலாய்க்காரம்மா, எல்லாம் தெரிந்தது. கண்ணாடிச் சில்லுகளைக் கன்னையாவே கூட்டி அள்ளினார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சுகளைப் போட்டார். நல்லம்மாளைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூடவே நடந்து, "தலை அந்தப் பக்கம், சமையக்கட்டுப் பக்கம் இருக்கட்டும். அவ வாசலப் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லி வைத்தார். வாணி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை பேருக்குக் கெடைக்கும்? பொண்டாட்டிக்காக வீட்டையே இடிச்சிருக்காரு மனுஷன்" என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். "குடுத்து வெச்சவ" என்றாள் இன்னொருத்தி. கன்னையாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

பண்டாரம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "யாரு இப்படி வெச்சது? தெக்கப் பாத்த வீடு இது. தலை தெக்க வரணும். திருப்புங்க."

"வேணாம் சாமி" என்றார் கன்னையா.

"என்ன வேணாம்? தல தெக்க, கால் வடக்க. இதுல மாத்தமே கெடையாது."

"சாமி, அவ வாசலப் பாக்கணும்னு சொன்னா. அது ஒண்ணுதான் கேட்டா. அப்படித் திருப்பினா மறுபடியும் சமையக்கட்டத்தான் பாத்துக்கிட்டுக் கெடப்பா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். உங்க கால்ல விழறேன்." விழவும் செய்தார். அந்த வயதில், அத்தனை பேர் பார்க்க, ஈரத்தரையில் விழுந்தார்.

பண்டாரம் கல்நெஞ்சக்காரர் இல்லை. குனிந்து அவரைத் தூக்கிவிட்டார். "பெரியவரே, உசுரோட இருந்தப்ப நீங்க எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். இப்ப அவங்க போற வழிய நான் கெடுக்க முடியாது. நீங்களும் கெடுக்காதீங்க."

கன்னையா வாணியைப் பார்த்தார், ஏதாவது சொல்வாள் என்று. அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அவள் அம்மாவின் கால்மாட்டில் போய் நின்று, பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். "திருப்பலாம்ப்பா" என்றாள்.

திருப்பினார்கள். நல்லம்மாளின் தலை இடிந்த சுவர்ப் பக்கமும் கால் சமையலறைப் பக்கமும் ஆனது. தெருவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவள் தலைமாட்டு வழியாக வந்து, சுற்றி நின்று அழுதுவிட்டுப் போனார்கள். கன்னையா கால்மாட்டில் சமையலறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். அதையாவது அவள் பார்க்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. எண்ணெய் வைத்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக அவரைக் கூப்பிட்டு அவள் நெற்றியில் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். குங்குமம் மூக்கெல்லாம் சிந்தியது.

"கால் முன்னால போகணும், வாசல் பக்கம் திருப்பித் தூக்குங்கப்பா" என்றார் பண்டாரம்.

"அப்ப இப்பவாச்சும் வாசலப் பாப்பா இல்ல?" கன்னையா பரபரவென்று முன்னால் வந்தார்.

வெளியே மழை நிற்கவில்லை. உள்ளே தண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று ஆட்கள் பெட்டியின் மூடியைப் போட்டு நாலு பக்கமும் முடுக்கினார்கள். அதற்கப்புறம்தான் திருப்பினார்கள்.